போஸ்டரில் இடம்

மதுரை கே.கே. நகரில் ஆன்லைன் டியூஷன் நடத்தும் சித்தார்த், பெங்களூரில் மூன்று நாள் பயிலரங்கை முடித்து வந்ததிலிருந்து தன்னை முதலாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘தலைமைக் கற்றல் அலுவலர்’. அவர் பெற்று வந்த ஞானம் இவ்வளவுதான்: படிப்பை விளையாட்டாக்கினால் பிள்ளைகள் பாய்ந்து வருவார்கள். ஆகவே, சரியான விடைக்குப் பத்துப் புள்ளி, நூறு புள்ளிக்கு வெள்ளிப் பதக்கம், ஆயிரத்துக்கு ‘வியாழன் கிரக நிலை’.

அங்கே பாடம் எடுக்கும் நாகஜோதியின் பத்தாம் வகுப்பு இயற்பியலில் நாற்பத்திரண்டு பேர். விடை போட்டது ஒன்பது பேர். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு பஜ்ஜி தின்றார்கள். வியாழனுக்குப் போக யாருக்கும் அவசரமில்லை.

“வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கேள்விக்காவது நாற்பது சரியான விடை வரணும் மேடம். வரலேன்னா திங்கள்லேருந்து உங்க கிளாஸுக்குப் பதிலா என்னோட வீடியோவ ஓட்டிருவோம்” என்றார் சித்தார்த்.

வீடியோ வந்தால் நாகஜோதி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புதன்கிழமை, சிம்மக்கல் அழகுபாண்டி பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு கணக்கைச் சரியாகப் போட்டான். ஐந்தே நிமிடத்தில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் வந்து விழுந்தது. கூலிங் கிளாஸோடு அழகுபாண்டி. பின்னால் இரண்டு சிங்கங்கள். மேலே, ‘ஓம் விதியை ஓடவிட்ட ஒற்றைச் சிங்கமே!’, கீழே தபால்தலை அளவில், வாழ்த்தும் நண்பர்கள் ஆறு பேர்.

சமயநல்லூர் பாண்டிமீனாவின் குரல் குழுவில் வெடித்தது. “ஏலே, நானுந்தான சரியாப் போட்டேன்! எம்படம் எங்கடா? கேள்வி என்னன்னே தெரியாதவன் படமெல்லாம் இருக்கு!”

நாகஜோதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதுரையில் கல்யாணத்துக்குக் கூப்பிடாதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். போஸ்டரில் படத்தைப் போடாமல் விட்டவனோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்போதே அறிவித்தாள்: முதலில் சரியாகப் போடுபவருக்கு நடுவில் பெரிய படம். சரியாகப் போட்ட மற்ற எல்லோருக்கும் கீழே சின்னப் படம். தப்பானால் திருத்திப் போடலாம். போடாதவருக்கு இடமில்லை.

வியாழக்கிழமை முப்பத்தாறு பேர் போட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தவர்கள் நான்கு பேர்.

வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்கும்போது இடி விழுந்தது.

“மிஸ், முத்திருளனும் அவன் சித்தப்பா மக்க ரெண்டு பேரும் குலசாமி கும்பிடப் போய்ட்டாக. அங்க டவரே கெடையாது” என்றான் அழகுபாண்டி.

மிச்சம் முப்பத்தொன்பது பேர். எல்லோரும் போட்டாலும் ஒன்று குறையும். மாணவர் பட்டியலின் கடைசியில், மேற்பார்வைக்கென நுழைந்த சித்தார்த்தின் முகம் கழுத்துப்பட்டையோடு வீற்றிருந்தது.

நாகஜோதி கேள்வியைப் போட்டாள். ஆறு ஓம், மூன்று ஓம். பக்க இணைப்பில் மொத்த மின்தடை எவ்வளவு?

சரியாகப் போட்டவர்களின் பெயர்கள் மட்டும் திரையில் கொட்டின. “மிஸ், நாந்தான் மொதல்ல!” என்று பாண்டிமீனா கத்தினாள். “போச்சுடா மாப்ள, நடுவுல அவ!” என்று எவனோ புலம்பினான். இருபது. முப்பது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சரியான விடைகளை எண்ணிக் காட்டும் பச்சை எண் அங்கேயே நின்றது.

சித்தார்த் தொண்டையைச் செருமினார். “மேடம், போஸ்டர்ல என் படம் மேல வரணுமில்ல? நிறுவனர்ங்கிற முறையில...”

“விடை போட்டாத்தான் சார் படம்!” முப்பத்தொன்பது தொண்டைகள்.

“எனக்குத் தெரியாதா என்ன?” சித்தார்த் தட்டினார். விடைப் பெட்டிக்குப் பதிலாக அரட்டைப் பெட்டியில், எல்லோருக்கும் தெரிய வந்து விழுந்தது: ஒன்பது.

“சார், அது தொடர் இணைப்பு!” பாண்டிமீனா சிரிப்பை அடக்கவே முயலவில்லை. “கூட்டக் கூடாது சார். தலைகீழாக்கிக் கூட்டுங்க. அப்பறம் மறுபடி தலைகீழாக்குங்க.”

“சார், படம் போயிரும் சார், சீக்கிரம்!” என்றான் அழகுபாண்டி.

தலைமைக் கற்றல் அலுவலர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பேனாவைத் தேடினார். எதிரே கிடந்த வியாழன் கிரக விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பிறகு தட்டினார்: இரண்டு.

பச்சை எண் புரண்டது. நாற்பது!

“நாப்பது ஆயிருச்சு சார்!” என்று நாகஜோதி கூவிவிட்டாள். விசில் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சித்தார்த்துக்கு அந்த எண் எதற்கென்று நினைவே இல்லை. அவர் கவனமெல்லாம் வரப்போகும் போஸ்டரில் இருந்தது. “மேடம், நான் எங்க வாரேன்?”

“கீழ் வரிசை, கடைசில சார்.”

“அம்புட்டுக் கீழயா?” பெங்களூர் உதிர்ந்துபோய் மதுரை வெளியே வந்தது. “கொஞ்சம் பெருசாப் போட முடியாதா?”

“அடுத்த கேள்விக்கு மொதல்ல போடுங்க சார். நடுவுலயே வச்சிருவோம்.”

“அடுத்த கிளாஸ் எப்ப?”

“திங்கக்கெழம, ஆறு மணிக்கு.”

“வீடியோ கீடியோன்னு யாரும் குறுக்க வரக் கூடாது” என்றார் சித்தார்த் கண்டிப்பாக. “என்ன பாடம்னு மட்டும் இப்பவே சொல்லிருங்க, நான் படிச்சிட்டு வாரேன்.”