இல்லாத பாலத்தில் ஒரு ஓட்டை

ஆற்றின் மேல் கட்டப்படாத பாலத்தை அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்து, காரில் ஏறி அதன் வழியாகவே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். தூண் இல்லை, தளம் இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை. கார் மட்டும் தண்ணீருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் குலுங்காமல் போனது. பின்னாலேயே கான்ட்ராக்டரின் காரும், ஆளுங்கட்சிக்குத் தேர்தல் செலவு பார்த்துக்கொண்ட சிமெண்ட் ஆலை முதலாளியின் காரும், பொறியாளர்களின் ஜீப்பும் போயின. கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. கார் போகிறதே, அப்புறம் என்ன கேள்வி?

அமைச்சர் வெட்டிய ரிப்பனைத் தைத்துக் கொடுத்தவள் மார்க்கெட் தெருக் கொடிக்காரி. ஒற்றைத் தையல் மெஷினை வைத்துக்கொண்டு எல்லாக் கட்சிக்கும் பாகுபாடு பார்க்காமல் கொடி தைத்ததால் அந்தப் பெயர். அவள் புருஷன் ரொட்டி வேன் ஓட்டினான். அக்கரைக் கடைகளுக்குச் சரக்குப் போட ஆற்றைச் சுற்றிக்கொண்டு போனால் பாதிப் பொழுது சாலையிலேயே போய்விடும். பெரிய மனிதர்களின் கார்கள் போனதைப் பார்த்தவன், தன் வேனையும் அவற்றின் பின்னால் விட்டான். வேன் கொஞ்ச தூரம் போகவும் செய்தது. பிறகு, படிக்கட்டில் கால் தவறியதுபோல முன்பக்கம் சாய்ந்து ஆற்றில் விழுந்தது. ரொட்டிகள் மிதந்தன. அவன் மிதக்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணு முன்னாடி பாலம் இருக்கும்போது உன் வீட்டுக்காரர் எதுக்கும்மா வண்டியை ஆத்துக்குள்ள விட்டாரு?"

"பாலமே இல்லையே சார்."

"இல்லாத பாலத்துல மந்திரி எப்படிம்மா போனாரு?"

'பாலம் இருந்தும் வேண்டுமென்றே ஆற்றில் இறங்கினார்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வரி வீட்டுக்கு வந்தது. சாவதற்குத் துணிகிற அளவுக்குத் தன் மகனை இவள் என்ன பேசினாளோ என்று மாமியார் அன்றைக்கே இவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். கொடிக்காரி நிவாரணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. அந்த வரியை அடிக்கச் சொல்லித்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கீழே இருந்தவர் மேலே கையைக் காட்டினார், மேலே இருந்தவர் தலைநகரத்தைக் காட்டினார், தலைநகரத்தில் இருந்தவர் கீழே போகச் சொன்னார்.

இதற்குள் ஊர், பாலத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பாலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் யார் எவ்வளவு தின்றாரோ, அவரை அவ்வளவு தூரம் அது தாங்கும். அமைச்சரும் முதலாளியும் அக்கரை வரை போவார்கள். வார்டு கட்சிக்காரர் நடு ஆறு வரை சிகரெட் பிடித்தபடி உலாத்திவிட்டுத் திரும்புவார். தேர்தலுக்கு முந்தின நாள் வீடு வீடாகக் கொடுத்த கவரும் அதே பணம்தான் என்பதால், கவர் வாங்கிய ஜனங்களும் நாலைந்து எட்டு வைக்க முடிந்தது. அதற்குமேல் தொபுக்கடீர். பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கரைக்குக் கூட்டி வந்து நடக்கவிட்டுப் பார்த்துச் சம்பந்தம் பேசினார்கள். நனைந்து வந்தவனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று.

வேன் எப்படிக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது என்பது அப்போதுதான் கொடிக்காரிக்கு விளங்கியது. கவர் வேண்டாம் என்று அவள் மெஷினிலிருந்து நிமிராமலே சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் பங்கையும் புருஷன் தெருமுனையில் வைத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். "அடப்பாவி மனுஷா, என் பங்கையும் சேர்த்தா வாங்கின?" என்று அவன் போட்டோவைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அதே போட்டோவை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

ஆட்சி மாறியது. பழைய அமைச்சர் நடு ஆற்றில் காரை நிறுத்திக் கட்சி மாறி, மீதிப் பாலத்தைப் புது ஆட்சியில் கடந்தார். ரொட்டி வேன் விவகாரத்தை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டார்கள். வெள்ளை முடி, மெல்லிய குரல். கொடிக்காரிக்கு அவரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. கரைக்கு அழைத்துப் போனாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை காலை வச்சுப் பாருங்க. நல்லவங்க கால் உள்ள போயிரும். அப்ப உங்களுக்கே தெரியும்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியாமல் நீதிபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார். கால் நின்றது. அடுத்த காலை வைத்தார், அதுவும் நின்றது. அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, எங்கே முடிகிறதென்று பார்க்க நடந்துகொண்டே இருந்தார். செருப்பின் அடிகூட நனையாமல் அக்கரையில் இறங்கி, அங்கிருந்தே கார் பிடித்துப் போய்விட்டார்.

"முழுசாப் போயிட்டாருடா!" என்றான் கூட்டத்தில் ஒருவன், ஏதோ பந்தயம் ஜெயித்தவனைச் சொல்வதுபோல.

பாலம் உறுதியாக இருப்பதாகத் தாம் நேரில் சோதித்து அறிந்ததாக நீதிபதியின் அறிக்கை வந்தது. அதைக் கேட்ட அன்று கொடிக்காரி பாதிக் கொடியை மெஷினில் அப்படியே விட்டுவிட்டு ஆற்றுக்கு நடந்தாள். கரை ஓரத்தில் நின்று, பாலம் இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். காடாத் துணியைக் கிழிக்கும்போது கேட்கும் அதே சத்தம் கேட்டது. கால் முட்டி வரை இறங்கியது. அவள் காலை உருவிய பிறகு, அந்தரத்தில் ஓரம் பிசிறுபிசிறாக ஒரு ஓட்டை தொங்கியது. பாலத்தை அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஓட்டையை எல்லோரும் பார்த்தார்கள்.

பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள். கொடிக்காரி அந்த வழக்குத் தாளையே எடுத்துக்கொண்டு பழைய அதிகாரியிடம் போனாள். பாலத்தில் ஓட்டை இருக்கிறதென்று அரசாங்கமே எழுதிவிட்டது, அப்படியானால் என் புருஷன் ஓட்டையில்தானே விழுந்திருக்க வேண்டும் என்றாள். அதிகாரி யோசித்தார். இத்தனை வருஷங்களில் முதன்முறையாக அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். பேனாவைத் திறந்து பழைய வரியை அடித்துவிட்டு, 'மனைவி போட்ட ஓட்டையில் விழுந்து இறந்தார்' என்று எழுதினார்.

"சார், அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் கழிச்சுத்தானே நான் ஓட்டை போட்டேன்?"

"தேதியெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. உனக்கு வரி மாறணும், மாறிடுச்சு. கிளம்பு."

ஆக, அரசாங்கம் கடைசியில் ஒரு பொறுப்பாளரைக் கண்டுபிடித்தது. அமைச்சரும் தப்பு செய்யவில்லை, முதலாளியும் தப்பு செய்யவில்லை, நீதிபதியும் தப்பு செய்யவில்லை. ரிப்பன் தைத்தவள்தான் குற்றவாளி. வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட உத்தரவாயிற்று.

அவள் வீட்டுக்கு வந்து புது வரியை மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். மாமியார் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். 'வேண்டுமென்றே' என்ற சொல் அதில் இல்லை என்று தெரிந்ததும் தட்டை எடுத்து வைத்தாள்.

"சாப்பாடு போடு" என்றாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளைக்கு என்னையும் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"அத்தை, நீங்க கவர் கிவர் வாங்கலியே?"

"என் செருப்பு வாங்கும்!"

மறுநாள் இரண்டு பேருமாகப் போய் மிதித்து ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். குற்றம் என்று எழுதிவிட்ட பிறகு அதை அரைகுறையாகச் செய்வானேன் என்பது கொடிக்காரியின் கட்சி. ஓட்டையை அடைக்கச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியது. அதையும் தின்றார்கள், தின்றவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஓட்டை மட்டும் அடைபடவில்லை. அமைச்சர்களின் கார்கள் அதை விட்டு ஒதுங்கி ஒற்றை வரிசையில் போயின.

அடுத்த தேர்தல் வந்தது. வார்டு கட்சிக்காரர் கவர்களோடு தெருவில் இறங்கினார். "வாங்கிக்கக்கா, நாலு எட்டாச்சும் நடக்கலாம்ல" என்றார். கொடிக்காரி மெஷினை நிறுத்தவே இல்லை. எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள், அதற்கடுத்த வீட்டிலும் சாத்தினார்கள். தெருக்கோடிக்குப் போவதற்குள் அவர் பை கனத்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் ஆற்றங்கரையில் பாலத்தை மிதிக்க வரிசை நின்றது.

இப்போது ஓட்டையின் வழியாக வானம் நன்றாகத் தெரிகிறது. படகுகள் அதன் அடியில் நின்று வெயில் காய்கின்றன. அமைச்சர்கள் ஆற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். காலையில் மிதிக்க வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக வருவது நல்லது, கூட்டம் அதிகம். செருப்பைக் கரையிலேயே கழற்றி விடவும்.