போலீஸ் பார்த்த புகை

பேரலைப் பார்த்ததும் அம்சவள்ளி யாராவது வருகிறார்களா என்று சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். புருசன் வேடியப்பன் அதை ஓடையிலிருந்து உருட்டிவந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். சாராய ஊறல் போட்ட பேரல். மலையில் அடுப்பை உடைத்த போலீஸ்காரர்கள் கோடாலியால் ஓட்டை போட்டுப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. மழைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தும் வெல்லப் புளிப்பும் வேலம்பட்டை வாடையும் அதை விட்டுப் போகவில்லை.

"இத்தப் போயி தூக்கியாந்துக்கிறியே, கண்ணு அவிஞ்சா போச்சி?" என்றாள்.

பட்டறை உலைக்கு மேடை வேண்டாமா என்றான் அவன். பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். நல்ல டிரம் வாங்க வக்கு இருந்தால் அவன் ஏன் ஓடையில் இறங்குகிறான்.

கருணாபுரத்தில் சாராயம் குடித்து ஜனங்கள் செத்ததிலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் எங்கே புகை தெரிந்தாலும் ஜீப் வந்தது. வேடியப்பன் ஒரு காலத்தில் லாரி டியூப்பில் சாராயம் கட்டித் தோளில் போட்டு மலையிலிருந்து இறக்கியவன். அதற்காக ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவன். மறுபடி மாட்டினால் குண்டாஸ்தான் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டும் மேஸ்திரிகள் அவனைச் சேர்க்கவில்லை. இவன் ஏறினால் டிராக்டரையே நிறுத்திச் சோதனை போடுவார்கள் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சங்கராபுரத்தில் லாரி ஸ்பிரிங் பட்டறையில் சம்மட்டி அடித்தது ஒன்றுதான் அவன் கையில் மிச்சம் இருந்த தொழில். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டு தொடங்கினால் கரும்புக் கத்தி காய்ச்சித் தட்ட ஆள் தேவைப்படும்.

அவளுக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் டிரம், குழாய், நெருப்பு, புகை எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பேரலை வெட்டியதும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அவன் காயலான் கடையில் பொறுக்கியதைக் கொண்டுவந்து சேர்த்தான். லாரியின் பிரேக் டிரம் ஒன்று, கனத்த இரும்புச் சட்டி மாதிரி. அதை மேடைமேல் உட்காரவைத்துக் களிமண் பூசினான். அடியில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாயின் மறுமுனையில் எண்ணெய் டின்னுக்குள் தகர விசிறி. விசிறியைச் சுற்றுவதற்கு டயர் இல்லாத சைக்கிள் சக்கரம். சக்கரத்துக்கும் விசிறிக்கும் நடுவே பெல்ட்டாக லாரி டியூப்பை வார் வாராக அறுத்து மாட்டினான். டியூப்பைப் பார்த்தும் அவளுக்குப் பயம்தான். முறிந்த டிராக்டர் ஆக்சிலை மரக்கட்டையில் நட்டு, இரும்பை வைத்து அடிக்கப் பட்டடைக்கல் ஆக்கினான். பக்கத்தில் கத்தி தோய்க்க ஒரு சின்னத் தகரத் தொட்டியில் தண்ணீர்.

"காஞ்சிருக்கும்போது சட்டி மேல ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. வார்ப்பு இரும்பு, படார்னு வெடிச்சிடும்," என்று மட்டும் அவளுக்குச் சொல்லிவைத்தான்.

முதல் நாள் பற்றவைத்தபோது அவள் பயந்ததே நடந்தது. சூடு ஏற ஏறப் பேரல் தகரத்திலிருந்து பழைய ஊறல் வாடை எழும்பியது. கரியும் சரியாக வேகாத கரி, புகை ஜாஸ்தி. தென்னமட்டையால் விசிறி விசிறிப் புகையைக் கலைக்கப் பார்த்தாள். அது நெட்டுக்கு எழும்பி மலைப் பக்கம் சாய்ந்து நின்றது.

வெயில் தாழ்வதற்குள் ஜீப் வந்துவிட்டது.

எஸ்.ஐ. இறங்கியதும் பேரலை மோந்தார். வேடியப்பனின் மூஞ்சியைப் பார்த்தார். கூட வந்த போலீஸ்காரர் வீட்டுக்குள் புகுந்து அடுப்படியில் இருந்த கூழ்ப்பானையில் கையை விட்டு அதையும் மோந்தார். ஊறலை எங்கே புதைத்திருக்கிறான் என்று கேட்டார்கள். பட்டறை சார், பட்டறை சார் என்றே சொல்லிக்கொண்டிருந்தான் வேடியப்பன்.

"பட்டறையா? எங்க, தட்டிக் காட்டு," என்றார் எஸ்.ஐ.

அவள் சக்கரத்தைச் சுற்றினாள். வார் நழுவி விழுந்தது. போலீஸ்காரர் சிரித்தார். எடுத்து மாட்டினாள், மறுபடி நழுவியது. கரி சாம்பல் பூத்துக்கொண்டே போனது. இது எரியாவிட்டால் புருசனை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. வாரில் எச்சில் துப்பி, பிடித்து இழுத்து மாட்டிச் சுற்றினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுற்றினாள். கரி சிவந்தது, இரும்பு சிவந்தது. வேடியப்பன் அதைப் பட்டடையில் வைத்து அடித்தான். கோணலும் மாணலுமாக ஒரு கத்தி வந்தது. தொட்டியில் அமுக்கியதும் சுர்ரென்றது.

எஸ்.ஐ. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வைத்து வாழைத்தண்டைக்கூட வெட்ட முடியாது என்றார். ஜீப்பில் ஏறும்போது சொன்னார்:

"சரி, பொழச்சிக்க. இது உன் புகைதான்னு ஸ்டேசன்ல சொல்லிடுறேன். இனிமே இதுக்கோசரம் ஒருத்தனும் வரமாட்டான்."

அம்சவள்ளி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். வெட்டு தொடங்கும் முன்பே கத்திகள் வந்து குவிந்தன. ஜீப் சாலையில் போனது, வந்தது. வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பியது ஆதிமூலத்தின் பைக். வேடியப்பன் யாருக்காக டியூப் சுமந்தானோ அந்த ஆதிமூலம். கருணாபுரத்துக்குப் பிறகு கண்ணிலேயே படாமல் இருந்தவன், மதியான வெயிலில் வெள்ளை வேட்டியோடு வந்து ஓரமாகக் கிடந்த கட்டையில் உட்கார்ந்தான். உலை தகதகவென்று இருந்தது. சௌக்கியம் விசாரித்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"உன் புருசன் ராசிக்காரன் அம்சா. மலைய சுத்தி எங்க புகைஞ்சாலும் போலீசு ஓடியாறான். உன் வூட்டுப் புகைய மட்டும் பாத்துக்கினே போறான்."

அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். பின்னால் ஓடை ஓரம் ஒரே ஒரு சாராய அடுப்பு. உலைப் புகையும் அடுப்புப் புகையும் சேர்ந்து போனால் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? வேடியப்பன் தன் பாட்டுக்குக் கத்தி தட்டலாம்.

"வேணாண்ணே," என்றான் வேடியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆதிமூலம் கோபப்படவில்லை. கவிழ்த்துவைத்த பேரலைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"இது என் பேரலுடா. என் பேரலு மேல உலை வச்சிக்கினு வேணான்றே. நாளைக்கு நான் மாட்டுனா, கூட்டாளி யாருன்னு கேப்பானே, நான் இன்னா சொல்ல?"

வேடியப்பன் வாயைத் திறந்தான். மாட்டேன் என்று சொல்லப்போகிறானா, சரி என்று சொல்லப்போகிறானா என்பது அம்சவள்ளிக்குத் தெரியவில்லை. சரி என்றுதான் சொல்வான் என்று பட்டது. அவன் தோளில் டியூப் தூக்கிய தழும்பு இருந்தது. முதல் தடவையும் அவன் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

அவள் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். அப்படியே உலையில் கவிழ்த்தாள்.

சாம்பலும் ஆவியும் முகத்தில் அறைந்தன. உள்ளே படாரென்று ஒரு சத்தம். ஆதிமூலம் கட்டையிலிருந்து துள்ளி எழுந்தான். ஆவி அடங்கியபோது பிரேக் டிரம் விளிம்பிலிருந்து அடிவரை வாய் பிளந்து கிடந்தது. கரித் தண்ணீர் அது வழியாகப் பேரல்மேல் வடிந்தது.

"புகை போச்சுண்ணே. பேரல வேணா எடுத்துக்கினு போங்க," என்றாள். முழங்கையில் தோல் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

அவன் வேட்டியில் தெறித்த கரியைத் தட்டினான். காயலான் கடையில் வேறு டிரம்மா கிடைக்காது என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான்.

வேடியப்பன் குனிந்து வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தான். சுட்டது. தட்டக் கொடுத்த ஊரார் கத்திகள் மூலையில் சாய்ந்திருந்தன.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேனே."

"சொன்ன. அதான் ஊத்துனேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பைக் சத்தம் சாலைத் திருப்பத்தில் நின்றிருந்தது. கிளம்பவில்லை. அவள் சம்மட்டியை எடுத்துக் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி கிளம்பியபோது, அது வீட்டுப் பக்கம் திரும்புகிறதா, சாலையோடு போகிறதா என்று இருவரும் காதுகொடுத்துக் கேட்டார்கள்.