முன்னால் போன பலகை

அன்று காருக்குள் இருந்தவர்கள் ஹாஜி மீராமுகைதீன், அவர் மனைவி ஹாஜறா, மாப்பிள்ளைக் கோலத்தில் மகன் மிஹ்லார், காரை ஓட்டிய மருமகன் இன்பாஸ். வெளியே, பின்னால் பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தோடு பக்கத்து வயற்காரர் கனகரெத்தினம். வேறெவரும் அங்கே இருக்கவில்லை.

அசர் தொழுகை நேரத்துக்கு மத்தியமுகாம் ஊரில் பெண் வீட்டில் நிகாஹ். சனம் ஏறிய பஸ் முன்னே போய்விட்டது. நற்பிட்டிமுனை தாண்டியதும் காரின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. நின்று ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். நாவிதன்வெளி வயல்களுக்குள் வந்ததும் மறுபடி ஏறியது. கனகரெத்தினத்தின் உழவு இயந்திரம் நின்ற இடத்தருகே காரை நிறுத்தினார்கள்.

பஸ்ஸைத் திருப்பி அழைப்போம் என்றான் இன்பாஸ். மீராமுகைதீன் மறுத்தார். மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்கினால் அவர் எந்த முகத்தோடு சம்பந்தி முன் நிற்பது?

இன்பாஸ் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. விசிறி சுழன்றது. தண்ணீர் ஒழுக்கும் இல்லை. பிறகு காரின் முன்பக்கம் போய் நின்றான், மாமனாரைப் பார்த்தான், வந்த சொல்லை விழுங்கிவிட்டு மீண்டும் பெல்ட்டைத் தொட்டான்.

முன்பக்கத்தை முழுதாக மூடி, பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவே, 'அல்ஹாஜ் மீராமுகைதீன் குடும்பம்' என்ற பலகை நின்றது. காலையில் அவரே தன் கையால் கம்பி முறுக்கிக் கட்டியது.

ஹாஜறா கண்ணாடியை இறக்கினார். "நேத்து நிந்தவூருக்குப் போய் வந்தம், சூடாகல்ல. இதக் கட்டின பொறகுதான் இந்தக் கூத்து. காத்துப் போற வழியில உங்கட பேருதான் மறிச்சி நிக்குது."

இன்பாஸ் மெல்லத் தலையாட்டினான்.

மீராமுகைதீன் பலகையைக் கழற்றச் சம்மதித்தார். விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. அது டிக்கிக்குள்ளும் நுழையவில்லை.

"பேரில்லாமப் போவம் வாப்பா," என்றான் மிஹ்லார். "என்ன அவங்களுக்குத் தெரியும்தானே."

"உன்னத் தெரியும். என்னயும் தெரியணும்."

உழவு இயந்திரத்தில் சாய்ந்து நின்ற கனகரெத்தினம் கிட்ட வந்தார். "ஹாஜியார், பேர என்ட மெசின் பெட்டியில கட்டுங்க. நான் முன்னால போறன்."

அப்படியே நடந்தது. சேறு காயாத பெட்டியில் பலகை பூவும் பெயருமாக முன்னே போக, கார் பின்னே ஊர்ந்தது. முள் அசையவில்லை. பெண் வீட்டார் வாசலுக்கு வந்து, முதலில் உழவு இயந்திரத்தை ஸலாம் சொல்லி வரவேற்றார்கள்.

மீராமுகைதீனின் மகன் உழவு இயந்திரத்தில் மாப்பிள்ளையாகப் போனான் என்று கல்முனைச் சந்தையில் கதைக்கிறார்கள். அது பொய். மாப்பிள்ளை காரில்தான் போனான். உழவு இயந்திரத்தில் போனது பலகை.