கிர்ஸ்டன் ராஜினாமா செய்யவில்லை

வெர்னா ஹால்வர்சன் ஒவ்வொரு டிசம்பரிலும் குடும்பத்தின் ஓராண்டுக் கதையை ஒரே பக்கத்தில் எழுதி, பச்சைத் தாளில் நூற்றிருபது பிரதி எடுத்து, கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு உறவினர்களுக்கும் சர்ச் சிநேகிதர்களுக்கும் அனுப்பிவிடுவாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம். தாளை மடிப்பது மகள் கிர்ஸ்டன், தபால்தலை ஒட்டுவது கணவர் லைல்.

அந்தச் சனிக்கிழமை காலை நாற்பது தாள்போல மடித்த பிறகுதான் கிர்ஸ்டன் தன் பெயரைப் பார்த்தாள். அண்ணனுக்குப் பதவி உயர்வு, அப்பா பிடித்த பெரிய மீன், நாய்க்குக் கண் ஆபரேஷன். அதற்கும் கீழே: ‘கிர்ஸ்டன் முதியோர் இல்ல வேலையை ராஜினாமா செய்துவிட்டு எங்களோடு இருக்கிறாள். நல்ல ஓய்வு. லெஃப்சே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.’

“அம்மா, நான் எப்ப ராஜினாமா பண்ணேன்?”

“வேலையில இல்லைதானே. எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல. என்னைத் தொரத்தினாங்க.”

“அதைப் போயி கிறிஸ்துமஸ் லெட்டர்ல எழுதுவாங்களா? வாசிக்கிறவங்களுக்குச் சந்தோஷமா இருக்க வேண்டாமா?”

கிர்ஸ்டனுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஒன்பது வருஷம் அந்த இல்லத்தில் நர்ஸாக இருந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பத்து நான்கு பேரைப் பார்த்துக்கொள்ள அவளையும் ஒரு உதவியாளையும் மட்டும் விட்டுவிடுவார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஒரு கிழவி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். கடைசியாக எட்டிப் பார்த்ததற்கும் கண்டுபிடித்ததற்கும் இடையே இரண்டு மணி பத்து நிமிஷம். அப்படியே பதிவேட்டில் எழுதினாள். மறுநாள் நிர்வாகி கூப்பிட்டு, “இரண்டு மணி நேரத்தை மட்டும் எடுத்துடு” என்றார். அவள் எடுக்கவில்லை. சோதனைக்கு வந்த அரசு அதிகாரி கேட்டபோதும் உள்ளதைச் சொன்னாள். மூன்றாம் வாரம், ‘மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை’ என்று ஒரு காகிதம் கையில் கொடுத்து வாசல்வரை கூடவே வந்து அனுப்பினார்கள்.

“அந்த வரியை எடுத்துடு. இல்லேன்னா என் பேரையே எடுத்துடு” என்றாள்.

“உன் பேர் இல்லேன்னா என்ன ஆச்சுன்னு கேட்பாங்கடி.”

“கேக்கட்டுமே.”

லைல் தபால்தலையை நாக்கில் தொட்டபடியே, “வெர்னா, திரும்ப அடிச்சாத்தான் என்ன?” என்றார்.

“பச்சைத் தாள் தீந்துபோச்சு” என்றாள் வெர்னா. பேச்சு அதோடு முடிந்தது. மீதியை அவளே மடித்து, மதியத்துக்குள் தபாலில் போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி. பார்த்தவர்களெல்லாம் லெஃப்சே எப்படி வருகிறது என்று கிர்ஸ்டனை விசாரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அப்போது வெர்னாவின் நெருங்கிய சிநேகிதி ஆர்லிஸ் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

“நீ விட்டது நல்லதுதாண்டா கண்ணு. முதுகு ஒடியற வேலை. ஆனா நல்ல மனுசங்க. எங்கம்மா விழுந்தப்ப சத்தம் கேட்டு உடனே ஓடிவந்து தூக்கினாங்களாம். இடுப்பெலும்பு போனதுதான் கெட்ட நேரம்.”

கிர்ஸ்டன் கோப்பையை மேசையில் வைத்தாள். சோதனைக்கு வந்த அதிகாரி கிழவியின் வீட்டாருக்குச் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். விழுந்தவள் ஆர்லிஸின் அம்மா இங்கா.

“உடனேன்னு யாரு சொன்னது?”

“நிர்வாகிதான். போன்ல.”

“ஆர்லிஸ், நான்தான் உங்கம்மாவைத் தூக்கினேன். நான் போறப்ப அவங்க கை ஜில்லுனு இருந்துச்சு. கத்திக் கத்திக் குரலே போயிருந்தது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடந்திருக்காங்க. அதை மாத்தி எழுதச் சொன்னாங்க. முடியாதுன்னேன். நான் ராஜினாமா பண்ணல.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள்.

காரில் வெர்னா பொரிந்து தள்ளினாள். “சர்ச்லயா பேசற பேச்சு அது? ஊரே பாக்குது. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ வீட்டுக்குப் போறது?”

“பொய் எழுதின மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போ” என்றாள் கிர்ஸ்டன். லைல் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இரண்டு நாள் அம்மாவும் மகளும் உப்பைத் தள்ளு என்றுகூடப் பேசிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்லிஸிடமிருந்து போன். வெர்னாதான் எடுத்தாள். வெகுநேரம் மறுமுனையே பேசியது. “எனக்குத் தெரியாது ஆர்லிஸ்” என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை, “கேட்டிருக்கணும். நான் கேக்கல” என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இங்காவை இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளாம். வக்கீல்கிட்ட போறா. நடந்ததை நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியான்னு கேக்கறா.”

“தரேன். என் நர்ஸ் லைசென்ஸுக்கு ஆபத்து வந்தாலும் தரேன்.”

வெர்னா மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். இங்காதான் அவளுக்குச் சின்ன வயதில் ஞாயிற்றுப்பள்ளி எடுத்தவள்.

“நெஜமாவே ரெண்டு மணி நேரம் கீழ கெடந்தாளா?”

இந்தக் கேள்விக்காகத்தான் கிர்ஸ்டன் இரண்டு மாதம் காத்திருந்தாள். வந்தபோதும் கோபம் ஒரு பொட்டுகூட இறங்கவில்லை.

“ரெண்டு மணி பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, எழுதுவதற்குத் தாள் எடுக்க எழுந்துபோனாள்.