தீர்ப்பு வரும்வரை ஜெபிக்க வேண்டாம்

1

ஊன்றுகோலை வீசி எறிந்துவிட்டு ஓடினான் இஸ்ரேல். சித்தூர் கோர்ட்டு வாசலில், பட்டப்பகலில், நாலுகால் பாய்ச்சலில்...

இங்கே நிறுத்துகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே இந்த ஓட்டத்தால்தான். எதிர் டீக்கடையில் வடையும் கையுமாக நின்றிருந்தேன். வடை விழுந்தது, கதை மாட்டியது.

சிக்கல் என்னவென்றால், இஸ்ரேல் ஓடக் கூடாது. இன்னும் சற்று நேரத்தில் கூண்டில் ஏறி, "என்னால் ஓட முடியாது" என்று அவன் சொல்லியாக வேண்டும்.

2

(முதலில் எழுதிய ஆரம்பம்: "பலமனேர் சாலையின் பனிமூட்டத்தில் எமனாக வந்தது அந்த..." அடித்துவிட்டேன். லாரி என்று எழுதினாலே எமனும் தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறான்.)

நடந்தது இவ்வளவுதான். இஸ்ரேலின் ஷேர் ஆட்டோவைத் தக்காளி லாரி இடித்தது. வலது கால் முறிந்தது. பிரேக் மிதிக்க முடியாத காலோடு மறுபடி ஆட்டோ ஓட்டினால், அடுத்த விபத்து கேஸில் அவனே எதிராளி. நஷ்டஈடு வந்தால் இரண்டு கறவை மாடு வாங்கிப் பிழைக்கலாம். வராவிட்டால்... (இந்த வாக்கியத்தை முடிக்க அவன் மனைவி தபிதா விடவில்லை.)

கேஸ் நடத்துபவர் வரலட்சுமி, இலவச சட்ட உதவி வக்கீல். ஜெயிப்போம் என்றுதான் இருந்தார், தபிதா வாயைத் திறக்கும்வரை.

"கால் சீக்கிரம் சரியாயிடும் மேடம். எங்க சபையே உபவாசம் இருந்து ஜெபம் பண்ணிக்கினு இருக்குது."

வரலட்சுமி பேனாவைக் கீழே வைத்தார். "தபிதாம்மா, தீர்ப்பு வர்ற வரைக்கும் அதைக் கொஞ்சம் ஆபண்டி. நிறுத்தி வைங்க."

"இன்னா மேடம், ஜெபத்துக்குமா வாய்தா கேப்பீங்க?"

"காலுக்கு வேண்டாங்கறேன். ஜட்ஜுக்குப் பண்ணுங்க!"

"என் காலப் பத்தி என்னை ஒர்த்தரும் கேக்க மாட்டீங்களா?" என்றான் இஸ்ரேல். ஒருத்தரும் கேட்கவில்லை.

3

எனக்கும் ஒரு சந்தேகம்: இவன் நடிக்கிறானோ? வில்லனாக்கினால் கதை சூடு பிடிக்கும். முயன்றேன். கோர்ட்டுப் படியில் அவன் முகம் கோணியதைப் பார்த்தபிறகு பேனா ஒத்துழைக்கவில்லை. தன்னால் ஓட முடியும் என்பது அவனுக்கே தெரியாது.

சரி, வாசலுக்கு வருவோம். திருப்பதி போகிற கல்யாணப் பஸ் பின்னோக்கி வருகிறது. உள்ளே பாட்டு அலறுகிறது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவர், போனில் யாரையோ திட்டியபடி, உலகம் மறந்து நிற்கிறார்.

இஸ்ரேல் கத்தினான். அவர் திரும்பவில்லை. ஊன்றுகோல் பறந்தது. பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாக்கடைக்குள் உருண்டான்.

"ஸ்தோத்திரம்!" என்று துள்ளினாள் தபிதா. "ஆண்டவர் கேட்டுட்டாரு!"

வரலட்சுமி தலையில் கைவைத்தார். "ஐயோ ராமா, இன்னிக்கேவா கேக்கணும்!"

4

முடிவு ஒன்று: இஸ்ரேல் பொய் சொல்கிறான், மாடு வருகிறது. (தபிதா அந்தப் பாலில் டீ போடமாட்டாள். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறான். நாலு எட்டு ஓடியதால் முறிந்த கால் முறியாத காலாகிவிடாது என்று வரலட்சுமி வாதாடுகிறார். நல்ல வாதம்தான். ஆனால் நான் நீதிபதி இல்லை.

இப்போது இஸ்ரேல் கூண்டில் நிற்கிறான். கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. குறுக்கு விசாரணைக்கு எழுகிறார் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சுரேஷ்பாபு. அவர் தயாரித்து வந்த முதல் கேள்வி: "உங்களால் ஓட முடியுமா?"

கேட்பாரா, மாட்டாரா? நீங்களே முடிவு செய்யுங்கள். நான் இதுவரை மறைத்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: சுரேஷ்பாபுவின் கறுப்புக் கோட்டில் சாக்கடைச் சேறு இன்னும் காயவில்லை.