இரண்டு மணி நேரம் ஓடாத மெஷின்

"நாளைக்குப் பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மெஷினை நிறுத்தணும் சார்," என்றேன்.

மேனேஜர் பேனாவை மூடிவைத்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நான் எழுத்தராகச் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார்: "லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, அவரோட வீட்டுல பங்குகூடக் கேளு. மெஷினை நிறுத்தச் சொல்லி மட்டும் வாயைத் திறந்துடாதே."

"எதுக்கு நிறுத்தணும்?"

"பதினாலு பேருக்கும் ஓட்டக் கத்துக்கொடுக்கணும்."

"அதான் கொடுத்தாச்சே. தாள் உன்கிட்டதானே இருக்கு? கையெழுத்துப் போட்டு அனுப்பு."

இருந்தது. பதினான்கு பெண்களுக்கும் பயிற்சி முடிந்ததாக அச்சடித்து, எழுத்தர் கையெழுத்துக்கு இடம் விட்ட தாள். பச்சைப் பொய். புது மெஷின் வந்து ஐந்து மாதம். கம்பெனிக்காரன் சூப்பர்வைசருக்கு மட்டும் காட்டிவிட்டுப் போனான். மற்றவர்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை, அது கத்தினால் சிவப்புப் பொத்தானை அமுக்குவது. அமுக்கினால் பாதியில் நின்றுவிடும். எண்பது கிலோ ஈரத் துணியை முதலிலிருந்து துவைக்க வேண்டும். திட்டு வேறு. காலையில் ஷிஃப்ட்டுக்கு முன்னால் கழிவறை வாசலில் வரிசை நிற்கும். அது பயத்தின் வரிசை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

நிர்வாகமும் பார்த்தது. மன அழுத்தம் பற்றிப் பேச ஒருவரை அழைத்துவந்தது. அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். அங்கே வேலை செய்யும் என் சித்தி முன்வரிசையிலிருந்து கேட்டாள்: "மூச்சு விடத் தெரியும் சார், பொறந்ததிலேர்ந்து விடுறேன். மெஷின்தான் தெரியல. அதைச் சொல்வீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

சித்தி ஐந்தாம் வகுப்பு. பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று வீட்டில் என்னைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். படித்த காலம் முழுக்க நான் யாரிடமும் "புரியல" என்று சொன்னதில்லை. வெட்கம். சித்திக்கு அந்த வெட்கம் கிடையாது. மெஷின் பழுதாகி மெக்கானிக் வந்த அன்று எல்லோரும் டீக்குப் போக, அவள் அவன் பக்கத்திலேயே நின்றாள்.

"தம்பி, இது எதுக்குக் கத்துது?"

"உங்களுக்கு எதுக்குக்கா அது?"

"என்னைப் பார்த்துத்தானே கத்துது. என்னன்னு கேக்க வேணாமா?"

அவன் சிரித்துவிட்டான். வேலை முடிந்ததும் இருபது நிமிடம் அவள் கையாலேயே அமுக்கவைத்துக் காட்டினான். நீளமாகக் கத்தினால் கதவு சரியாக மூடவில்லை. விட்டுவிட்டுக் கத்தினால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது. பிரித்துப் போட்டால் போதும். அவ்வளவுதான். அதன்பிறகு சித்தி அந்த வரிசையில் நிற்கவில்லை. மத்தியானச் சோற்றை மிச்சம் வைக்கவில்லை. மெஷின் கத்தினால், "வந்துட்டேன்டி, ஊரைக் கூட்டாதே" என்று அதையே அதட்டினாள்.

இதையெல்லாம் மேனேஜரிடம் கொட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா? உன் சித்தி மெஷினை நிறுத்தாமலே கத்துக்கிட்டாங்க."

"அன்னைக்கு அது பழுதாகி நின்னுச்சு சார்."

"சரி சரி, அவங்களைக் கூப்பிடு. சாப்பாட்டு நேரத்துல மத்தவங்களுக்குச் சொல்லட்டும்."

சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தலையாட்டிவிடுவாள் என்று பயந்தேன்.

"சந்தோஷமா சொல்லித்தர்றேன் சார். சாப்பாட்டு நேரத்துல வேணாம். பசியோட நிக்கிறவ காதுல என்ன ஏறும்? ஓடும்போதும் வேணாம். பயந்த கை சிவப்பைத்தான் தேடும். துணி போடாம சும்மா வெச்சு, ஒவ்வொருத்தியும் தப்பா அமுக்கிப் பார்க்கணும். தப்பு பண்ணியும் திட்டு விழலன்னு ஒரு தடவையாவது அவங்களுக்குத் தெரியணும்."

என் பட்டம் இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வராது.

"வார்டுக்கு விரிப்பு?" என்றார் மேனேஜர்.

"நாளைக் காலைக்கானது அடுக்கியாச்சு சார். இன்னைக்கு மெஷின்கிட்ட நான்தான் நின்னேன். ஒண்ணைக்கூட ரெண்டாந்தரம் துவைக்கல."

அவர் என் பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளைக்கு உன் நாற்காலியில வேற ஆள்."

தினமும் மெஷின் எப்போது ஓடும் என்று பட்டியல் எழுதி ஒட்டுவது என் வேலை. நாளைய பட்டியலில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை 'பயிற்சி' என்று எழுதி, இந்த அறைக்கு வருவதற்கு முன்பே ஒட்டியிருந்தேன்.

"அந்த ஆளைப் பன்னெண்டு மணிக்கு மேல வரச் சொல்லுங்க சார்," என்றேன்.

கையெழுத்தில்லாத தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு, சித்தியோடு வெளியே நடந்தேன்.