முதல் பூசை யாருக்கு

பாதிரியாராகக் குருப்பட்டம் பெறுகிறவர்களின் படங்கள் கோயில் வாசலில் ஒட்டியிருந்தன. ஐந்தே முகங்கள். நர்ஸம்மா மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். அவளுடைய பையனைக் காணோம்.

பெற்ற பையன் இல்லை, ஏழு வருஷமாக அவள் படிக்கவைத்த குருமாணவன். உதவுகிறவருக்குக் குருமடம் ஓர் அட்டை தரும். அதில் ஒரு எண், ஒரு படம், அவ்வளவுதான். படத்தைப் பார்த்து ஜெபிக்கலாம், எண்ணைப் போட்டுக் கடிதம் எழுதலாம். பெயர் எழுதக் கூடாது, பட்டம் பெறும்வரை நேரில் பார்க்கவும் கூடாது. இத்தனைக்கும் பலனாக, அவன் வைக்கும் முதல் பூசை உதவியவர் கேட்கிற, இறந்துபோன ஒருவரின் ஆன்மாவுக்காக. அவள் தன் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சண்டைபோட்டு, "போய்த் தொலைங்க" என்றாள். மனுஷர் போனவர் போனவர்தான். சாலையிலேயே முடிந்துவிட்டது.

டியூட்டி முடிந்த கையோடு குருமட ஆபீசில் போய் நின்றாள். ஆபீஸ் ஃபாதர் பதிவேட்டைப் புரட்டினார், அட்டையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் படத்துல இருக்கற தம்பி மூணாவது வருஷமே விட்டுட்டுப் போயிட்டார். கல்யாணம்கூட ஆயிடுச்சு. உங்க எண்ணுக்கு உள்ளவர் வேற. படம் மாறி ஒட்டிட்டோம் போல."

"போலயா?"

"உங்க ஜெபம் யாருக்குன்னு கடவுளுக்குத் தெரியும்மா."

"அவருக்குத் தெரியும் ஃபாதர். உங்களுக்குத்தான் தெரியல!"

வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்தது யாரோ ஒருத்தியின் புருஷனுக்காகவா?

உரியவரை வரவழைத்தார்கள். வாசலை அடைத்தாற்போல் ஒரு குண்டு பிரதர் வந்து நின்றார்; அவளுடைய எண்ணுக்குரிய குருமாணவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் கடிதமெல்லாம் நீங்களாம்மா எழுதினது? 'குச்சி மாதிரி இருக்கியே, இன்னும் நாலு வாய் சாப்பிடு'ன்னு! கேலி பண்றீங்கன்னு நினைச்சேன். ஆனா சொன்னபடி சாப்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் எழுதினதுன்னு நினைச்சீங்க?"

"மில் முதலாளி வீட்டம்மான்னு. என் படம் அவங்க அட்டையிலதான் இருந்திருக்கு. வருஷாவருஷம் கார்ல வந்து பார்ப்பாங்க."

"நேர்ல பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கே ஃபாதர்?"

ஆபீஸ் ஃபாதர் கண்ணாடியைத் துடைத்தார். "பெரிய மனுஷங்க. வாசல்ல வந்து நிக்கறப்போ திருப்பி அனுப்ப முடியுமா?"

விதியெல்லாம் பஸ்ஸில் வருகிறவளுக்கு மட்டும்தான்! நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சரி, போனது போகட்டும். முதல் பூசை என் வீட்டுக்காரருக்கு. பேர் எழுதிக்குங்க."

குண்டு பிரதரின் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா... மில்காரரோட இறந்துபோன அம்மாவுக்குன்னு வாக்குக் கொடுத்துட்டேனே. அந்தம்மா பேரைப் போட்டு அழைப்பிதழும் அடிச்சாச்சு."

"அப்போ நான் யாரு? இளிச்சவாயியா?" அவள் கத்தியதில் வராந்தாவில் போனவர்கள் நின்றார்கள்.

"ரெண்டாவது பூசை உங்களுக்கும்மா. சத்தியமா." அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

"ரெண்டாவதா?" அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னார். டாக்டர்கிட்ட கூட வான்னார். வார்டுல ஆள் இல்ல, சும்மா நச்சரிக்காதீங்கன்னேன். வீட்டுக்குள்ளயே அவரை ரெண்டாவதாத்தான் வச்சிருந்தேன். மேல போயும் அந்த மனுஷனுக்கு அதே இடமா?"

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"எப்போ அந்த ரெண்டாவது பூசை?"

"திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கும்மா."

திங்கட்கிழமை காலை அவளுக்கு டியூட்டி. வார்டில் அன்றைக்கும் ஆள் இல்லை.

ஆபீஸ் ஃபாதரின் மேஜையிலிருந்த போனை, கேட்காமலே தன் பக்கம் திருப்பி ஆஸ்பத்திரி எண்ணைச் சுழற்றினாள்.

"சிஸ்டர், திங்கட்கிழமை நான் வர மாட்டேன். ஆள் இல்லன்னா இல்ல. வீட்டுக்காரர் கூப்பிடறார்."